பூட்டிய வீட்டுக்குள் பத்து நாள்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிப் பூட்டைத் திறந்ததும் முகத்தில் ஒரு வாடை அடிக்கும். "வீடு பூட்டியே கெடந்துச்சுல்ல, அதான்" என்று யாராவது ஒருவர் சொல்வார். ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போட்டால் அரை மணி நேரத்தில் வாடை போய்விடும். கேள்வியும் அதோடு போய்விடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பூட்டிய வீட்டுக்குள் யாரும் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. போகும்போது கூட்டித் துடைத்து, குப்பையை வெளியே போட்டுவிட்டுத்தான் போனோம். பிறகு அந்த வாடை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் சாக்கடையிலிருந்து.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் ஜாலி இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிப் பார்த்தால் கீழே சிறு குழி ஒன்றில் தண்ணீர் நிற்பது தெரியும். பிளம்பர்கள் அதை 'நானி ட்ராப்' என்பார்கள். முறையாகக் கட்டிய வீட்டில் வாஷ்பேசின், சமையலறை சிங்க் ஆகியவற்றின் அடியிலும் குழாய் நேராக இறங்காது. கீழே வளைந்து, கொஞ்சம் மேலேறி, அதன் பிறகுதான் சுவருக்குள் போகும். அந்த வளைவிலும் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். அதன் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். நாம் மூச்சுவிடும் காற்றுக்கும் தெருச் சாக்கடையின் காற்றுக்கும் நடுவே உள்ள ஒரே தடுப்பு இந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடையும், கழிவுநீர்க் குழாய்க்குள் குடியிருக்கும் பெரிய செங்கரப்பானையும் அதுதான் நிறுத்திவைக்கிறது.

இந்த யோசனைக்கு வயது இருநூற்றைம்பது ஆண்டு. 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தயாரிப்பாளர், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குக் கீழே அவர் வைத்த வளைந்த குழாய்தான் இன்றைய எல்லா ட்ராப்புகளுக்கும் மூத்தது. அசையும் பாகம் கிடையாது, தேய்மானம் கிடையாது, மின்சாரம் வேண்டாம். கடிகாரம் செய்தவரின் கையிலிருந்து ஓர் அசைவும் இல்லாத கருவி பிறந்தது வேடிக்கைதான்.

அந்தக் கருவிக்கு ஒரே ஒரு தேவை உண்டு. யாராவது அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் குளிக்கிறோம், கை கழுவுகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். ட்ராப்பில் ஆவியாகிப் போன தண்ணீர் நமக்குத் தெரியாமலேயே நிரம்பிவிடுகிறது. ஊருக்குப் போனால் அது நின்றுபோகிறது. மூடிய குளியலறைக்குள் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். ஆழமான ட்ராப் வறள வாரக்கணக்கில் ஆகும். ஆனால் எல்லா வீட்டு ட்ராப்பும் இரண்டு அங்குலம் இல்லை. விலை குறைந்தவற்றில் பாதி ஆழம்கூட இருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்மாடியில் யாரோ ஃப்ளஷ் செய்யும்போது பொதுக் குழாயில் வேகமாக இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கும். மொட்டை மாடிக்குப் போகும் காற்றுக் குழாய் சரியாக இல்லாவிட்டால், அந்த இழுப்பு நம் ட்ராப்பில் இருக்கும் தண்ணீரையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நாம் இருந்தால் அடுத்த வாளித் தண்ணீரில் அது சரியாகிவிடும்.

வறண்ட ட்ராப்பை வெறும் நாற்றப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த உலகத்துக்கு 2003 மார்ச் மாதம் ஓர் அதிர்ச்சி கிடைத்தது. ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் அதிகமானோருக்கு சார்ஸ் என்ற சுவாச நோய் தொற்றியது. வேறெந்தக் கட்டடத்தையும்விட அதிக நோயாளிகள் ஒரே கட்டடத்தில், பெரும்பாலும் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் அமைந்த வீடுகளில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் சந்தித்திராதவர்களுக்கும் நோய் வந்திருந்தது. விசாரித்தபோது குளியலறைத் தரை ட்ராப்புகள் பல வறண்டு கிடந்தது தெரியவந்தது. காரணம் சாதாரணமானது: குடியிருந்தவர்கள் குளியலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, ஈரத் துணியால் துடைத்துவந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அறைக்குள் காற்றழுத்தம் குறைந்து, வறண்ட ட்ராப் வழியாகக் கழிவுநீர்க் குழாயின் காற்றும் அதில் மிதந்த நுண்துளிகளும் உள்ளே வந்தன. ஆள் குடியிருக்கும் வீட்டிலேயே இப்படி என்றால், பூட்டிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பலவும் தாமாக இயங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவற்றில் ஒரு பாகம் நாம்தான். நம் கை, நம் மூக்கு, நம் நடமாட்டம் ஆகியவற்றைக் கணக்கில் வைத்தே அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பாகத்தைக் கழற்றிக்கொண்டு போகிறோம். ஆகவே வீட்டைத் தயார்செய்வதில் பூட்டுப் போடுவதும் சுவிட்சை அணைப்பதும் கடைசி வேலைகள். நாம் இல்லாதபோது எது நின்றுபோகும் என்று யோசிப்பதுதான் முதல் வேலை.

ட்ராப்புக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே ஒரு முரண்பாடு காத்திருக்கிறது. தண்ணீர் வறண்டால் சாக்கடை உள்ளே வரும். வறளாமல் நின்றால்? கொசு வரும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் வெப்பநிலையில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்கிறது. வாரம் ஒரு நாள் வீட்டிலுள்ள தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துக் காயவைக்கச் சொல்லிச் சுகாதாரத் துறையினர் வந்து போவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஏழு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் எந்தத் தலைமுறையும் முழுமையடையாது. நம் விடுமுறையோ பெரும்பாலும் பத்து நாள். சமையலறையில் வாழைப்பழச் சீப்பை மாட்டிவிட்டுப் போனால் அதில் மொய்க்கும் சிறு பழ ஈக்கும் 25 டிகிரி வெப்பத்தில் பத்து நாள்தான் ஒரு தலைமுறை. ஒரு கோடைப் பயணம் என்பது இந்தப் பூச்சிகளின் கணக்கில் ஒரு முழுத் தலைமுறை, யாரும் தொந்தரவு செய்யாத தலைமுறை.

ஏடிஸின் சாமர்த்தியம் முட்டையில் இருக்கிறது. அது தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். ஆகவே வாளியைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். பூந்தொட்டித் தட்டு, துளசி மாடத்தின் அடித்தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், ஏர் கூலரின் தொட்டி, கழிவறை ஃப்ளஷ் தொட்டி என்று இடங்கள் நிறைய. பலருக்கும் தெரியாத ஓரிடம் ஃப்ரிட்ஜின் முதுகு. உள்ளே உருகும் பனி ஒரு குழாய் வழியாக இறங்கிப் பின்பக்கத் தட்டில் சேரும். கம்ப்ரசரின் சூட்டில் அது ஆவியாகிவிடும் என்பது ஏற்பாடு. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போனால் சூடு இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கும்: நிழலான, அசையாத, யாரும் தொடாத தண்ணீர். ஏடிஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சியோ மாடித் தொட்டியையும் கிணற்றையும் விரும்புவது. தொட்டி மூடி உடைந்திருந்தால் ஊருக்குப் போவதற்கு முன் மாற்றிவிட வேண்டும்.

சரி, ட்ராப்பில் தண்ணீரும் வேண்டும், கொசுவும் கூடாது என்றால் என்ன செய்வது? ஒரு கரண்டி எண்ணெய். தரை ஓட்டைகளில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு, அதன் மேல் இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டால் அது மெல்லிய படலமாகப் பரவும். படலம் ஆவியாவதைத் தடுக்கும். ஏடிஸ் கொசுவின் புழு வாலருகே உள்ள குழலைத் தண்ணீர்ப் பரப்புக்கு மேல் நீட்டித்தான் மூச்சுவிடும். எண்ணெய்ப் படலம் அந்தக் குழலை அடைத்துவிடும். பனாமா கால்வாய் வெட்டும்போது மஞ்சள் காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்க, வில்லியம் கோர்கஸ் என்ற ராணுவ மருத்துவர் குட்டை குளங்களில் எண்ணெய் தெளித்தது இதே கணக்கில்தான். சமையல் எண்ணெய் சில வாரத்தில் சிக்கு நாற்றம் அடிக்கும், எறும்பையும் கரப்பானையும் கூப்பிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெட்டுப்போகாது. எண்ணெய் ஊற்றப் பிடிக்காதவர்கள் ஜாலியின் மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலை வைத்து அழுத்திவிட்டுப் போகலாம். அதுவும் வேலை செய்யும். கம்மோடுக்கு மூடியைச் சாத்தினாலே பாதி வேலை முடிந்தது.

கரப்பானைப் பற்றி ஒரு வார்த்தை. சமையலறையில் திரியும் சிறிய பழுப்புக் கரப்பான், தண்ணீர் மட்டும் கிடைத்தால் சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீரும் இல்லையென்றால் இரண்டு வாரம்கூட ஓடாது. ஊருக்குப் போகுமுன் மருந்தடிப்பதைவிட சிங்க்கைத் துணியால் துடைத்துக் காயவைப்பதும், சொட்டும் குழாயை அடைப்பதும் பலன் தரும்.

சொட்டும் குழாய் என்றதும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளைக்கு நாலே கால் லிட்டருக்குச் சற்று மேல். பத்து நாளில் 43 லிட்டர். இது சின்ன நஷ்டம்தான். பெரிய ஆபத்து, ஆள் இருந்தால் அரை நிமிடத்தில் அடைத்திருக்கக்கூடிய உடைப்பு. வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாய் எந்நேரமும் மாடித் தொட்டியின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது நள்ளிரவில் பிய்ந்துகொண்டால் தொட்டி காலியாகும்வரை நிற்காது. தொட்டி காலியானால் தானியங்கி மோட்டார் மறுபடி நிரப்பும்! இந்த இரண்டு 'வசதிகளும்' சேர்ந்தால் கீழ் வீட்டுக்காரரின் கூரைதான் முதலில் சொல்லும். மொட்டை மாடியில் தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வை மூடுவதும், மோட்டாரின் ஆட்டோ சுவிட்சை அணைப்பதும் ஐந்து நிமிட வேலை. பல ஆண்டு திருகாத வால்வு இறுகியிருக்கும். கிளம்பும் நாள் காலையில் அதோடு மல்லுக்கட்டாமல் இரண்டு நாள் முன்பே திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

மின்சாரத்துக்கு வருவோம். 'எல்லா சுவிட்சையும் அணைச்சாச்சா?' என்று கேட்காத குடும்பம் இல்லை. சுவிட்சை அணைக்கச் சொல்வது கரன்ட் பில்லுக்காக என்றால் லாபம் சொற்பம். பத்து வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ் ஒரு மாதம் முழுக்க இயங்கினால் 7.2 யூனிட். இப்போது வரும் டிவிகள் காத்திருப்பு நிலையில் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கின்றன. 1999இல் பன்னாட்டு எரிசக்தி முகமை இந்த ஒரு வாட் வரம்பை முன்வைத்ததிலிருந்து உற்பத்தியாளர்கள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தார்கள்.

உண்மையான காரணம் வேறு. தெருவில் ஓடும் மும்முனை மின்கம்பிகளில் நியூட்ரல் அறுந்துபோனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். கோடைச் சூறைக்காற்றில் மரக்கிளை விழுந்து இப்படி ஆவது அரிதல்ல. ஒரு தெருவில் ஒரே இரவில் நாலு வீட்டு டிவியும் ஃப்ரிட்ஜும் எரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பல்பு திடீரென்று பிரகாசமாக எரிவதைப் பார்த்து மெயினை இறக்க வீட்டில் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் முன்பே இறக்கிவைப்பதுதான் வழி. இடிமின்னல் காலத்தில் கேபிள் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும், மெயின் சுவிட்ச் அதைத் தடுக்காது.

மெயினை இறக்கும்போது இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறோம். மெயின் போனதும் மின்வெட்டு என்று நினைத்துக்கொண்டு அது வேலையைத் தொடங்கிவிடும். பூஜையறையில் எரியும் ஒரு சின்ன விளக்கும் மோடமும் போதும், இரண்டு மூன்று நாளில் பேட்டரி காலி. ஈய அமில பேட்டரியைக் காலியாகவே போட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் பெரிதாக வளர்ந்து இறுகிவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுதாகக் கரையாது. ஆகவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து, முதலில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் பிறகு மெயினை இறக்க வேண்டும். சும்மா வைத்தாலும் பேட்டரி தானாக மாதத்துக்குச் சில சதவீதம் சார்ஜை இழக்கும், வெயில் காலத்தில் இன்னும் சற்று வேகமாக. ஒரு மாதம் வரை அது தாங்கும்.

அப்படியானால் ஃப்ரிட்ஜ்? அதற்குத் தனி எம்சிபி இருந்தால் அதை மட்டும் விட்டுவைக்கலாம். என் கட்சி இது: இரண்டு வாரத்துக்குள் திரும்புவதானால் ஓடட்டும், ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முழுதாகக் காலிசெய்து, துடைத்து, அணைத்து, கதவைத் திறந்தே வைக்க வேண்டும். கதவை மூடி வைத்தால் உள்ளே தங்கிய ஈரமும் ரப்பர் விளிம்பில் ஒட்டிய உணவும் சேர்ந்து கருப்புப் பூஞ்சை பிடித்துவிடும். அந்த ரப்பரைச் சுத்தம் செய்வதைவிடப் புது ரப்பர் போடுவது எளிது. ஓடவிடும் பட்சத்தில் காலியாக ஓடவிடாமல் பத்துப் பாட்டில் தண்ணீரை உள்ளே அடுக்கலாம். தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு அதிகம். சில மணி நேர மின்வெட்டில் குளிரைத் தக்கவைக்கும். தோசை மாவை மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மாவைப் புளிக்கவைக்கும் லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் குளிரில் தூங்குவதில்லை, நிதானமாக வேலை செய்யும். பத்தாம் நாள் மூடியைத் திறப்பவருக்கு அது தெரியும்.

நாம் இல்லாதபோது கரன்ட் எத்தனை மணி நேரம் போனது என்பதை ஃப்ரிட்ஜ் சொல்லாது. சொல்லவைக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, ஐஸின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஃப்ரீசர் உருகவில்லை. கிண்ணத்தின் அடியில் போய் உறைந்திருந்தால் இடையில் எல்லாம் உருகி, பாக்டீரியா பெருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். ஃப்ரீசரில் மீன் வைத்திருந்தால், அது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சமைக்கக் கூடாது. ஃப்ரீசரின் உறைகுளிர் பாக்டீரியாவைத் தூங்கவைக்கும். அது ஏற்கெனவே விட்டுச்சென்ற நச்சை அழிக்காது.

கேஸ் சிலிண்டரில்தான் நம் மூக்கு எவ்வளவு முக்கியமான பாகம் என்பது புரியும். சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நாம் முகர்வது அதில் வேண்டுமென்றே கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் வாசனையற்ற இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்து வெடித்ததில், குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். எரிவாயுவில் நாற்றம் கலப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் அதன் பிறகே வந்தன. அற்புதமான எச்சரிக்கை ஏற்பாடு, முகர ஆள் இருக்கும்வரை. பூட்டிய வீட்டில் மெர்காப்டன் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து தங்கும், மேல் ஜன்னல் வழியாக எளிதில் வெளியேறாது. காற்றில் அது இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பத்தடிக்குப் பத்தடி சமையலறையில் அந்த அளவு சேர ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கசிந்தால் போதும், சிலிண்டரிலோ 14.2 கிலோ இருக்கிறது. தீப்பொறிக்கும் ஆள் தேவையில்லை. ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் ரிலேயும் தாமாகவே 'டிக்' என்று போட்டு அணைக்கும்போது உள்ளே சிறு பொறி எழக்கூடும். அதனால்தான் அடுப்புக் குமிழை மூடினால் மட்டும் போதாது, ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போக வேண்டும். நீண்ட பயணம் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியைப் பொருத்துவது இன்னும் மேல். ரப்பர் குழாய் பழசாகி வெடிப்பு விட்டிருக்கிறதா என்று அப்போதே ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஈரம் வேறு வகை எதிரி. பருவம் பார்த்து வரும். மே மாதம் பூட்டிய வீட்டில் பூஞ்சை பெரிதாகத் தொல்லை தராது. ஐப்பசி கார்த்திகையில் பத்து நாள் பூட்டினால் தோல் செருப்பிலும் பெல்ட்டிலும் பச்சை பூத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைத்துவிடும். ஆள் இருக்கும் வீட்டில் ஜன்னல் திறப்பு, ஃபேன், அலமாரியைத் திறந்து மூடுவது எல்லாம் சேர்ந்து ஈரம் ஓரிடத்தில் தங்காமல் கலைத்துக்கொண்டே இருக்கும். பட்டுப் புடவைக்கு நடுவே வைக்கும் ரசகற்பூர உருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. புதுச் செருப்புப் பெட்டியில் கிடைத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை பீரோவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 30 டிகிரி வெப்பத்தில், மழைக்கால ஈரப்பதத்தில், ஒரு பத்தடி அறையின் காற்றில் மட்டுமே ஏறத்தாழ 700 கிராம் நீராவி இருக்கும். சிறு பொட்டலம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. காற்றுப் புகாத டப்பாவுக்குள் கேமரா லென்சோடு வைத்தால் அதே பொட்டலம் நன்றாக உதவும். பீரோவைச் சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிவைப்பது, ஈரத் துண்டை உள்ளே விட்டுப் போகாதிருப்பது, வாஷிங் மெஷின் கதவைத் திறந்தே வைப்பது எல்லாம் காசில்லாத வைத்தியம்.

அரிசி வண்டு அவசரப்படாது. அதற்கு ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வருவதாக நினைக்காதீர்கள். பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு ஓட்டையை அடைத்துவிடும், கடையிலிருந்து வாங்கி வரும்போதே சில மணிகளுக்குள் குடியிருக்கலாம். மாதக்கணக்கில் போகிறவர்கள் மீந்த அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

செடிகளுக்காக வருத்தப்படுகிறவர்கள் செய்யும் வழக்கமான வேலை, கிளம்பும் நாளில் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றுவது. வேருக்குக் காற்றும் வேண்டும். சேற்றில் நிற்கும் வேர் மூச்சுத் திணறி அழுகும். செடி உறிஞ்சும் தண்ணீரில் மிகப் பெரும் பங்கு இலைகள் வழியே ஆவியாகத்தான் போகிறது, ஆகவே வரவைக் கூட்டுவதைவிடச் செலவைக் குறைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். தொட்டிகளை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். மண்ணின் மேல் தென்னை நார்க்கழிவு பரப்பலாம். வாளித் தண்ணீரிலிருந்து பருத்தித் துணித் திரியைத் தொட்டி மண்ணுக்குள் விட்டால், நுண்குழாய் ஈர்ப்பால் தண்ணீர் மெல்ல ஏறி, மண் காயக் காயப் போய்ச் சேரும். வாளியை மட்டும் துணி கட்டி மூடிவைக்க வேண்டும், கொசுவுக்காக.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு சாவியைக் கொடுத்து, நாலு நாளைக்கு ஒருமுறை வந்து ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலை அரை மணி நேரம் திறந்து, ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் மேலே சொன்னவற்றில் பாதி தேவையே இல்லை. கழற்றிய பாகத்துக்கு மாற்றுப் பாகம் கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து வரும்போது அவருக்கு ஏதாவது வாங்கிவர மறக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. கதவைத் திறந்ததும் கை தானாக சுவிட்ச் போர்டுக்குப் போகும். அதற்கு முன் மூக்கு போகட்டும். கேஸ் வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து நின்று, அவசர எண் 1906ஐ அங்கிருந்தே அழைக்க வேண்டும். வாடை இல்லையென்றால் ஜன்னல்கள், பிறகு மெயின், அதன் பிறகு தண்ணீர்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். குழாய்க்குள் பத்து நாள் நின்ற தண்ணீரில் குளோரின் போய்விட்டிருக்கும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும்; கோடையில் நம் மாடித் தொட்டியும் அதிலிருந்து இறங்கும் குழாயும் சரியாக அந்தச் சூட்டில்தான் இருக்கும். 1976இல் பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் நிமோனியா கண்டு இறந்ததை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. குடிப்பதால் பெரிதாக வருவதல்ல இது. நுண்துளியாக மூச்சில் போனால்தான் ஆபத்து. 2020 ஊரடங்கில் மூடிக் கிடந்த கட்டடங்களைத் திறக்கும்போது குழாய்களை நன்றாக ஓடவிடச் சொல்லி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டியது இதற்காகத்தான். ஆகவே பயணக் களைப்பில் நேரே ஷவருக்கு அடியில் போய் நிற்காமல், ஜன்னலைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஷவரை ஒரு பையால் சுற்றியோ வாளிக்குள் இறக்கியோ ஓடவிட்டால் துளி பறக்காது. கீசரை ஒருமுறை 60 டிகிரிக்குச் சூடேற்றினால் இன்னும் நல்லது.

ஆர்.ஓ. இயந்திரத்திலும் முதல் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இயந்திரம் நின்றிருக்கும்போது அழுத்தம் இல்லாததால் சவ்வின் உப்புப் பக்கத்திலிருந்து உப்பு மெல்ல மெல்ல நல்ல தண்ணீர்ப் பக்கத்துக்குக் கசிந்து வந்திருக்கும். அதன் சேமிப்புத் தொட்டியில் பழைய தண்ணீரும் நிற்கும். தொட்டியைக் காலிசெய்து, புதிதாக வடிகட்டிய முதல் ஒன்றிரண்டு லிட்டரைத் தரை துடைக்கப் பிடித்துக்கொண்டு, அதற்கடுத்த தண்ணீரில் காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கலாம்.